முதல் பயண கிரெடிட் கார்டு: திருப்பூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். ஆர்டர் பார்க்கும் மெர்ச்சன்டைசர்கள், சரக்கு வாங்கும் பையரைப் பார்க்க டெல்லிக்கோ வெளிநாட்டுக்கோ கிளம்பினால் டிக்கெட் போட்டுக் கொடுப்பதும் என் பொறுப்பு. அதனால் கார்டு சந்தேகம் எல்லாம் என் மேசைக்கு வந்துவிடும். டீ நேரத்தில், கல்யாணப் பந்தியில், அவிநாசி பஸ்ஸில் என்று பல பேர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டதால், அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். வங்கிகள் சலுகைகளை அடிக்கடி மாற்றுகின்றன. அதனால் எந்தக் கார்டு என்று சொல்வதைவிட, எப்படிப் பார்த்து எடுப்பது என்றுதான் சொல்கிறேன்.

ஏனுங்க, டிராவல் கார்டுன்னா என்னங்க? என்கிட்ட இருக்கிற சாதா கிரெடிட் கார்டுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

அடிப்படையில் ஒரே பொருள்தான். வங்கி முன்னால் கட்டும், நீங்கள் பின்னால் கட்டுவீர்கள். சாதா கார்டில் கிடைக்கும் பாயின்ட்டை மிக்ஸிக்கோ கிஃப்ட் வவுச்சருக்கோ மாற்றுவார்கள், அல்லது பில்லில் கழிப்பார்கள். பயணக் கார்டில் அந்தப் பாயின்ட்டை விமான டிக்கெட், ரயில் டிக்கெட், ஓட்டல் அறைக்கு மாற்றும்போதுதான் மதிப்பு கூடும். ஏர்போர்ட் லவுஞ்ச் (விமானத்துக்குக் காத்திருக்கும் வசதியான அறை), வெளிநாட்டுச் செலவுக்குக் குறைந்த கட்டணம் போன்றவையும் கூட வரலாம்.

வருஷத்துல ரெண்டு தடவைதான் வெளியூர் போறேன். எனக்கெல்லாம் இது தேவைங்களா?

அந்த இரண்டு தடவையும் எங்கே போகிறீர்கள், எதில் போகிறீர்கள் என்று பாருங்கள். பழனிக்குப் பாதயாத்திரை, மேட்டுப்பாளையத்துக்கு பஸ், சொந்தக்காரர் வீட்டுக்குக் கார் என்றால் தேவையில்லை. பில்லிலேயே பணம் கழியும் கேஷ்பேக் கார்டு உங்களுக்குப் போதும். மகள் பெங்களூரில் வேலை செய்கிறாள், மாதம் ஒரு முறை போய் வருகிறோம் என்பவர்களுக்கும், வருடம் ஒரு விமானப் பயணமாவது குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் பயணக் கார்டு உதவும்.

பாயின்ட் கிடைக்கிறது என்பதற்காகப் பயணத்தைக் கூட்டாதீர்கள். இதைக் கேட்டவர்களிடம் எல்லாம் நான் முதலில் சொல்வது இதுதான்.

மினிமம் கட்டினா போதும்னு பில்லுலயே போட்டிருக்கே. அப்புறம் ஏனுங்க முழுசாக் கட்டச் சொல்றீங்க?

பில்லில் இரண்டு தொகை இருக்கும். ஒன்று மொத்தம், இன்னொன்று குறைந்தபட்சம். குறைந்தபட்சம் பெரும்பாலும் மொத்தத்தில் 5% அளவுதான். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். வட்டி வரும். கிரெடிட் கார்டு வட்டி பெரும்பாலும் மாதம் 3 முதல் 3.75% வரை. நூற்றுக்கு மூணே முக்கால் வட்டி என்றால் நம் ஊரில் யாரும் கை நீட்டிக் கடன் வாங்க மாட்டார்கள். அந்த வட்டி மேல் 18% ஜிஎஸ்டி வேறு.

என் முதல் கார்டில் நானே இப்படி மாட்டினேன். ஜூன் 5 அன்று 40,000 ரூபாய்க்குக் குடும்பத்துக்கு டிக்கெட் போட்டேன். பில் தேதி ஜூன் 20, கடைசி தேதி ஜூலை 8. அன்று கையில் இருந்த 38,000 கட்டினேன். பாக்கி 2,000 தானே, அதற்கு என்ன வட்டி வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அடுத்த பில்லைத் திறந்தபோது வட்டியும் வரியும் சேர்ந்து 1,800 ரூபாய்க்கு மேல். முழுசாகக் கட்டாவிட்டால் வட்டியில்லாக் காலம் என்ற சலுகையே போய்விடும். டிக்கெட் எடுத்த ஜூன் 5-இல் இருந்து முழு 40,000-க்கும் நாள் கணக்கில் வட்டி ஓடும். நான் கட்டிய பிறகுதான் அது 2,000-க்குக் குறையும். அந்த டிக்கெட்டுக்குக் கிடைத்த பாயின்ட்டின் மதிப்பு 400 ரூபாய்.

மாதாமாதம் முழுசாகக் கட்ட முடியுமா என்பதில் சந்தேகம் இருந்தால் இந்தப் பக்கத்தை இத்தோடு மூடிவிடலாம். முடியும் என்றால், சேமிப்புக் கணக்கிலிருந்து மொத்தத் தொகையும் தானாகப் போகும்படி ஆட்டோ டெபிட் எழுதிக் கொடுங்கள். அந்தப் படிவத்தில் ‘குறைந்தபட்சம்’, ‘மொத்தம்’ என்று இரண்டு கட்டம் இருக்கும். ‘மொத்தம்’ என்பதில்தான் டிக் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

மால்ல ஒரு தம்பி நிறுத்தி, லைஃப்டைம் ஃப்ரீ கார்டுன்னு சொல்றாரு. நம்பலாமுங்களா?

லைஃப்டைம் ஃப்ரீ கார்டுகள் உண்மையாகவே இருக்கின்றன. முதல் கார்டாக எடுக்க நான் சொல்வதும் அதைத்தான். ஆனால் ‘முதல் வருடம் இலவசம்’, ‘இவ்வளவு செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி’ என்பதையும் சிலர் வாய்ப்பேச்சில் ஃப்ரீ என்றே சொல்லிவிடுவார்கள். முக்கிய விதிமுறைகள் அடங்கிய தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் சேர்க்கைக் கட்டணம், இரண்டாம் வருடத்திலிருந்து வரும் ஆண்டுக் கட்டணம் இரண்டும் தனித்தனியாக இருக்கும். இரண்டிலும் சுழியம் இருந்தால்தான் ஃப்ரீ.

கட்டணக் கார்டு எப்போது கட்டுப்படியாகும் என்று கணக்குப் போடுவது சுலபம். ஆண்டுக் கட்டணம் 1,499 என்றால் ஜிஎஸ்டி சேர்த்து சுமார் 1,769. அந்தக் கார்டு இலவசக் கார்டைவிட 1% கூடுதலாகத் தருகிறது என்று வைத்துக்கொண்டால், வருடத்தில் 1,76,900 ரூபாய் செலவு செய்தால்தான் போட்ட கட்டணமே திரும்ப வரும். லாபம் அதற்கு மேல்தான்.

ஒரு கார்டுல 150 ரூபாய்க்கு 4 பாயின்ட், இன்னொண்ணுல 100 ரூபாய்க்கு 2 பாயின்ட். முதல் கார்டுதானே நல்லது?

பாயின்ட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஒரு பாயின்ட்டுக்கு எத்தனை காசு என்று கேளுங்கள். முதல் கார்டில் பாயின்ட்டுக்கு 25 காசு என்றால் 150 ரூபாய்க்கு 1 ரூபாய், அதாவது நூற்றுக்கு 67 காசு. இரண்டாவதில் பாயின்ட் 1 ரூபாய் என்றால் நூற்றுக்கு 2 ரூபாய். மூன்று மடங்கு வித்தியாசம். மஞ்சள் மூட்டையை எண்ணி யாரும் விலை பேசுவதில்லை, குவிண்டால் விலைதான் பேசுவோம். இதுவும் அப்படித்தான்.

ஒரே பாயின்ட்டுக்கு இரண்டு மூன்று விலையும் இருக்கும். வங்கியின் பயணத் தளத்தில் டிக்கெட் எடுத்தால் ஒரு மதிப்பு, பில்லில் கழித்தால் அதில் பாதி, பொருளாக வாங்கினால் அதைவிடக் குறைவு. வங்கியின் தளத்தில் டிக்கெட் விலையே கூடுதலாக இருக்கிறதா என்று விமானக் கம்பெனியின் தளத்தையும் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். பல கார்டுகளில் பாயின்ட்டை மாற்ற ஒவ்வொரு தடவையும் 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். அதனால் துளித்துளியாக மாற்றாதீர்கள். காலாவதித் தேதியையும் குறித்து வையுங்கள்.

நாங்க ரயில்லதான் அதிகம் போவோம். அதுக்குன்னு தனிக் கார்டு இருக்குதாமே?

இருக்கிறது. ஐஆர்சிடிசி பெயரோடு எஸ்பிஐ கார்டு போன்றவர்கள் வெளியிடுகிறார்கள். ஐஆர்சிடிசி தளத்தில் ஏசி டிக்கெட் எடுத்தால்தான் அதில் நல்ல பாயின்ட் கிடைக்கும். கோவையிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் 2023-இல் தொடங்கிய வந்தே பாரத் இரண்டும் திருப்பூர், ஈரோடு, சேலத்தில் நின்று போகின்றன. முழுக்க ஏசி சேர் கார். மாதம் இரண்டு மூன்று முறை இதில் போகிறவர்களுக்கு ரயில் கார்டு நல்ல பொருத்தம்.

ஸ்லீப்பரில் போகிறவர்களுக்கு இது பெரிதாக உதவாது. ஐஆர்சிடிசி தளத்தில் ஏசி அல்லாத டிக்கெட்டுக்கு யுபிஐயில் கட்டினால் சேவைக் கட்டணம் 10 ரூபாய், கார்டில் 15. ஏசி என்றால் 20, 30. இவற்றின் மேல் ஜிஎஸ்டி. இருநூறு ரூபாய் டிக்கெட்டுக்குக் கார்டு போட்டால் பாயின்ட்டைவிடக் கட்டணம்தான் அதிகமாகப் போகும்.

பிளேன் கம்பெனி பேர் போட்ட கார்டு எடுக்கலாமா, வங்கிப் பொதுக் கார்டு எடுக்கலாமா?

கோவை பீளமேடு விமான நிலையத்திலிருந்து எந்த விமானம் பறக்கிறது என்பதுதான் இதற்குப் பதில். கோவையில் இண்டிகோ விமானங்கள்தான் அதிகம், சிங்கப்பூருக்கு ஸ்கூட், ஷார்ஜாவுக்கு ஏர் அரேபியா. டெல்லியிலோ மும்பையிலோ இருப்பவர் எழுதிய ‘சிறந்த கார்டு’ பட்டியலைப் பார்த்து, நம் ஊரிலிருந்து வாரத்துக்கு நாலு தடவை மட்டும் பறக்கும் கம்பெனியின் கார்டை எடுத்தால், மைல்ஸ் (அந்தக் கம்பெனியின் பாயின்ட்) சேரும், போவதற்குத்தான் விமானம் இருக்காது.

இன்னொன்று. விஸ்தாரா என்ற விமானக் கம்பெனி 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தது. விஸ்தாரா பெயரில் கார்டு வைத்திருந்தவர்களின் பாயின்ட் ஏர் இந்தியா திட்டத்துக்கு மாறியது, கார்டை எடுக்க வைத்த சலுகைகள் பழையபடி நிற்கவில்லை. அதனால் முதல் கார்டுக்கு வங்கியின் பொதுப் பயணக் கார்டே பாதுகாப்பு. எந்த விமானத்திலும் பயன்படுத்தலாம். இரண்டு வருடம் கழித்து, ஒரே கம்பெனியில்தான் பறக்கிறோம் என்று உறுதியானால் அதன் கார்டைப் பாருங்கள்.

லவுஞ்சு ஃப்ரீன்னு சொல்றாங்களே, அதுக்காகவே எடுக்கலாமா?

வேண்டாம். பல கார்டுகளில் முந்தைய காலாண்டில் குறிப்பிட்ட தொகை செலவு செய்திருந்தால்தான் இப்போது உள்ளே விடுவார்கள். கோவையில் செக்-இன் முடித்து உட்காரும் நேரமே கொஞ்சம்தான். கொச்சி, பெங்களூரில் அடுத்த விமானத்துக்கு நாலு மணி நேரம் காத்திருப்பவர்களுக்கு நிச்சயம் உதவும், அதுவும் கைக்குழந்தையோடு போனால். வீட்டில் நாலு பேர் போகும்போது கார்டு ஒருவருக்குத்தான் இடம் தரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

நான் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வெச்சிருக்கேன். சம்பளச் சீட்டு இல்லீன்னு பேங்க்குல தரமாட்டேங்கிறாங்க. என்ன பண்றது?

மாதச் சம்பளம் இல்லாதவர்களிடம் வங்கி கேட்பது வருமான வரிக் கணக்கு. இரண்டு வருடம் தாக்கல் செய்திருந்தால் அதைக் காட்டிக் கேளுங்கள். இல்லையென்றால் வங்கியில் போடும் நிலையான வைப்பின் (எஃப்டி) பேரில் கார்டு வாங்கலாம். 50,000 ரூபாயை எஃப்டி போட்டால் அதில் 75 முதல் 100% வரை லிமிட்டாகத் தருவார்கள், எஃப்டி வட்டியும் உங்களுக்கு வரும். இந்த வகையில் பாயின்ட் குறைவாக இருக்கலாம். ஆனால் ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டினால், கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய கணக்கு ஒன்று உங்கள் பேரில் உருவாகிவிடும். பயணக் கார்டை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

ஏலச்சீட்டை இருபது வருடம் தவறாமல் கட்டியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்த நாணயம் வங்கிக் கணினிக்குத் தெரிவதில்லை. அதற்குத் தெரியும்படி ஒரு சிறு கணக்கைத் தொடங்குவதுதான் இந்த எஃப்டி கார்டு.

நாலு பேங்க்குல ஒரே நேரத்துல கேட்டா, எது கிடைக்குதோ அதை எடுத்துக்கலாம் இல்லீங்களா?

அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி உங்கள் சிபில் அறிக்கையை (நீங்கள் கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய கணக்கை) எடுத்துப் பார்க்கும், அது பதிவாகும். ஒரே மாதத்தில் நாலு பதிவு இருந்தால் இவருக்குப் பண நெருக்கடி என்று ஐந்தாவது வங்கி நினைக்கும். சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை. 750-க்கு மேல் இருந்தால் நல்லது. வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாக நீங்களே எடுக்கலாம். முதலில் அதைப் பாருங்கள், பிறகு சம்பளமோ வியாபாரப் பணமோ புழங்கும் உங்கள் சொந்த வங்கியிலேயே கேளுங்கள்.

சிங்கப்பூர் போறோம். அங்க இந்தக் கார்டைத் தேய்க்கலாமுங்களா?

தேய்க்கலாம், ஆனால் கிளம்பும் முன் இரண்டு வேலை இருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து, அதற்கென்று ஒரு லிமிட்டும் வையுங்கள். ஊர் திரும்பியதும் மூடிவிடுங்கள். அடுத்தது ஃபாரெக்ஸ் மார்க்கப், அதாவது வெளிநாட்டுப் பணத்தில் செய்யும் செலவுக்கு வங்கி பிடிக்கும் கூடுதல் கட்டணம். பல கார்டுகளில் 2 முதல் 3.5% வரை, அதன் மேல் ஜிஎஸ்டி. 50,000 ரூபாய்க்குச் செலவு செய்தால் 3.5% கணக்கில் 1,750, வரி 315, ஆக 2,065 ரூபாய். மார்க்கப் இல்லாத கார்டுகளும் இருக்கின்றன. வெளிநாடு போகப் போகிறவர்கள் பாயின்ட்டுக்கு முன்னால் இதைப் பாருங்கள்.

அங்கே கடையில் மெஷினை நீட்டும்போது திரையில் இரண்டு வரி வரும். ஒன்றில் சிங்கப்பூர் டாலர், இன்னொன்றில் ரூபாய். ரூபாயைப் பார்த்ததும் நம் பணமாயிற்றே என்று விரல் தானாக அங்கே போகும். டாலரையே தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் அந்த மெஷின்காரர் தன் விலையில் மாற்றுவார், பெரும்பாலும் அது கூடுதல். ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுக்கவே வேண்டாம். எடுக்கும் கட்டணம் தனி, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓடும்.

கோயமுத்தூர்ல ஒரு டூர் ஆபீஸ்ல 60,000 தேச்சேன். டிராவல் பாயின்ட் ஏன் ஏறலீங்க?

வங்கி கடைப் பலகையைப் பார்ப்பதில்லை, அந்த மெஷினுக்குக் கொடுத்திருக்கும் தொழில் குறியீட்டைப் பார்க்கிறது. டூர் ஆபீஸ் மெஷின் வேறு தொழில் பெயரில் பதிவாகியிருந்தால் சாதா பாயின்ட்தான் ஏறும். பெரிய தொகை என்றால் முதலில் ஒரு சின்னத் தொகையைத் தேய்த்து, செயலியில் எந்த வகையில் விழுகிறது என்று பாருங்கள். சில கார்டுகளில் வங்கியின் சொந்தத் தளத்தில் எடுத்தால் மட்டும்தான் கூடுதல் பாயின்ட். பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது ஆகியவற்றுக்குப் பெரும்பாலான கார்டுகளில் பாயின்ட்டே இல்லை.

மச்சான் நூல் வாங்கறதுக்கு என் கார்டைக் கேக்கறான். பாயின்ட் எனக்கு, காசு அவன் கட்டுவான். குடுக்கலாமா?

உறவு கெடக் கூடாது என்றால் கொடுக்காதீர்கள். பையரிடமிருந்து பணம் வர ஒரு வாரம் தள்ளிப் போவது இங்கே சகஜம். கார்டின் கடைசி தேதி தள்ளிப் போகாது. மூன்றாவது கேள்வியில் சொன்ன வட்டி உங்கள் பேரில் ஓடும், சிபிலில் விழும் கறையும் உங்கள் பேரில்தான். சொந்தக் கார்டில் வியாபாரச் சரக்கு வாங்குவதைப் பல வங்கிகளின் விதி அனுமதிப்பதில்லை. அதற்கு பிசினஸ் கார்டு தனியாக இருக்கிறது.

வருமான வரிப் பக்கமும் ஒன்று உண்டு. ஒரு நிதியாண்டில் கார்டு பில்லுக்கு 10 லட்சத்துக்கு மேல் கட்டினால் வங்கி அதை வரித் துறைக்குத் தெரிவிக்கும். ரொக்கமாகக் கட்டினால் 1 லட்சத்திலேயே தெரிவிக்கும். உங்கள் வருமானம் ஆறு லட்சம், கார்டில் பதினைந்து லட்சம் என்றால் மச்சான் வாங்கிய நூலுக்கு நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். கமிஷன் பிடித்துக்கொண்டு கார்டைத் தேய்த்துக் கையில் பணம் தரும் கடைகள் பக்கமும் போகாதீர்கள். தெரிந்தால் வங்கி கார்டையே முடக்கிவிடும்.

பாயின்ட் காலாவதியாகப் போகுது, இந்த லிங்க்கைத் தொடுங்கன்னு மெசேஜ் வந்துச்சு. தொடலாமா?

தொடாதீர்கள். பாயின்ட்டை வங்கிச் செயலிக்குள் போய் மட்டும் பாருங்கள். தெரியாமல் தொட்டுப் பணம் போய்விட்டால், முதலில் செயலியில் கார்டைப் பூட்டி வங்கிக்குச் சொல்லுங்கள், உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

எடுத்த ஆறு மாசத்துல சலுகையைக் குறைச்சுட்டாங்கன்னா நாம என்ன பண்ண முடியும்?

குறைப்பது நடக்கிறதுதான். ஆனால் கட்டணங்களையும் விதிகளையும் மாற்றுவதற்கு ஒரு மாதமாவது முன்னால் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கிரெடிட் கார்டு விதிகள் சொல்கின்றன. கட்டணம் கூடுவது பிடிக்கவில்லை என்றால் பாக்கியைக் கட்டிவிட்டுக் கார்டை ஒப்படைக்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் கேட்கக் கூடாது. மூடச் சொல்லி எழுதிக் கொடுத்து, பாக்கியும் இல்லையென்றால் 7 வேலை நாளில் மூட வேண்டும். தவறினால் அதற்கு மேல் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். இழுத்தடித்தால் வங்கியில் புகார் எண் வாங்கி வையுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

மூடும் கடிதத்தை அனுப்பும் முன் சேர்ந்த பாயின்ட்டை டிக்கெட்டாக மாற்றிவிடுங்கள். எங்கள் ஆபீஸில் ஒருவர் முதலில் மூடச் சொல்லிவிட்டு மறுநாள் செயலியைத் திறந்தார். மூவாயிரம் பாயின்ட் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.